ஏழாம் பக்கத்துக்கு ஒரு ‘தூ’

இன்று அச்சகத்துக்கு விடுமுறை. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காலையிலிருந்து நாலு தடவை கடற்கரை ரோடு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். காசிமேட்டு வலைக்காரர் முனியனின் பெண்குழந்தைக்கு இன்று ஆபரேஷன். அந்தக் குழந்தை கையோடு கொண்டுபோயிருப்பது நான் அச்சடித்த புத்தகம். சேதி வரும்வரை கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பொய். நான் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கிறவன், நின்றே வேலை செய்து பழகியவன். அலமாரி மேல் தாளைப் போட்டு நின்றபடிதான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் குழந்தைகளுக்காக என்னிடம் அந்தப் படப் புத்தகத்தை வாங்கிப் போகிறவர்கள் எல்லாரும், “இது எப்டி தோணிச்சு ஏகாம்பரம்?” என்று கேட்கிறார்கள். என்னவோ நான் பெரிய மூளைக்காரன் மாதிரி. தோன்றவில்லை ஐயா, வசமாக மாட்டிக்கொண்டேன். எப்படி மாட்டினேன் என்று சொல்கிறேன்.

என் மகள் தனத்துக்கு அப்போது ஆறு வயது. இடது காதில் சீழ் வடிந்தது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் காது வடியாத குழந்தை எது? என் மனைவி ருக்கு பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விட்டாள். நாலாம் நாள் சீழ் நின்றது. நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. சீழ் நிற்கவில்லை, உள்ளே போயிருந்தது. காதுக்குப் பின்னால் வீங்கிக் காதுமடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. உடம்பு அனலாகக் கொதித்தது.

ஆஸ்பத்திரி என்றால் வரமாட்டாள் என்று, “பீச்சுக்குப் போலாம், வா” என்று டிராம் ஏற்றினேன். கேட் அருகே மருந்து வாடை அடித்ததும் என் கையை உதறினாள்.

“இதுவா நைனா பீச்சு?”

அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். டாக்டர் வீக்கத்தில் விரலை வைத்தபோது அவள் அலறியதில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையாகச் சொன்னார். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு கெட்டியானது இல்லை. தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். அந்த அறைகளில் சீழ் நிரம்பிவிட்டது. அந்த எலும்புக்கு அந்தப் பக்கம் மூளை. சீழ் அங்கே இறங்குவதற்குள் எலும்பைத் திறந்து சுத்தம் பண்ண வேண்டும்.

“எதால திறப்பீங்க டாக்டர்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“சின்ன உளிதான்” என்றார்.

திங்கட்கிழமை சேர்த்தோம். நாலு நாள் பென்சிலின் ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்கி, வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன் என்றார்கள். பென்சிலின் அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதுசு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசி. குழந்தைகள் வார்டில் தாய் தகப்பனுக்கு அனுமதி சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரைதான். மற்ற நேரமெல்லாம் ருக்கு வெளியே மரத்தடியில் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வேலையில் பாதியும் வராந்தாவில் பாதியுமாக அலைந்தேன். “யோவ், ஒரு எடத்துல நில்லுய்யா, உன்ன பாத்தா எனக்கு தலை சுத்துது” என்பாள் ருக்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தனம் என் பக்கம் திரும்பவேயில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஊசி போட வந்தவர் கையை மதியம் கடித்து வைத்திருக்கிறாள்.

“இங்க பாரும்மா. ஒண்ணும் பயமில்ல. சிஸ்டர் நல்லவங்க. ரெண்டு நாள்ல வூட்டுக்குப் போயிடலாம்” என்றேன்.

“நீ வாயால சொல்றே” என்றாள் சுவரிடம். “அச்சுல போட்டுகீதா?”

இது என் வினை. அவள் தினமும் மத்தியானம் சோற்றுத்தூக்கு கொண்டு அச்சகத்துக்கு வருவாள். கெட்டுப்போன தாள்களை அள்ளிக் கொடுப்பேன். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தத் தாள்களில்தான். அப்போதெல்லாம் நான் பெருமையடித்துக்கொள்வேன். ‘வாயால ஆயிரம் சொல்லலாம் தனம். அச்சுல ஏத்திட்டா அப்பால மாத்த முடியாது. அதனால அச்சுல பொய் வரக்கூடாது’ என்று. அவள் அதை அப்படியே நம்பியிருந்தாள். வாயை மட்டும் இனி நம்புவதாக இல்லை.

அந்த வார்டு சிஸ்டர் என்னை வாசலில் நிறுத்தினார். “பிள்ளைங்கள ஏமாத்திக் கூட்டிட்டு வர்றீங்க. அப்புறம் நாங்க படறோம். வெள்ளிக்கிழமை மயக்க மருந்து கொடுக்கும்போது இப்படித் திமிறினா மருந்து ஜாஸ்தி போட வேண்டியிருக்கும். அது நல்லதில்ல. என்ன நடக்கப் போவுதுன்னு முன்னாடியே சொல்லி வைங்க” என்றார்.

“நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா சிஸ்டர். அச்சுல கேக்கறா.”

“அப்ப அச்சடிங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. நான் பின்னாலேயே போய், ஒவ்வொன்றாக என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். மயக்க மருந்து எப்படி என்றதற்கு, “வடிகட்டி மாதிரி ஒரு கம்பிக் கூடு. மேல துணி போட்டு மூக்குமேல வைப்போம். துணியில மருந்து சொட்டுச் சொட்டா விடுவாங்க. அந்த வாடையில அப்படியே தூங்கிடும்” என்றார்.

புதன்கிழமை காலை மற்ற வேலையை ஓரம் தள்ளினேன். எட்டுப் பக்கம், ஒரே ஒரு பிரதி. படத்துக்கு எங்கே போவது? எங்கள் அச்சகத்தில் இருப்பவை கடை விளம்பரத்துக்கான பழைய பட பிளாக்குகள்தான். மரச்சாமான் கடைக் கட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலாயிற்று. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் டாக்டரானார். சோப்பு விளம்பரப் பெண் சிஸ்டர். ஊசிக்கு ஒன்றும் கிடைக்காமல் தையல் மெஷின் ஊசியைப் போட்டேன். நோயாளியைத் தள்ளும் வண்டிக்கு ஒரு கைவண்டி. வடிகட்டிக்கு மட்டும் பாத்திரக்கடையின் அசல் டீ வடிகட்டியே இருந்தது. கீழே பெரிய எழுத்தில் ஒவ்வொரு வரி. ‘இது உன் கட்டில்.’ ‘ஊசி போடுவார்கள். வலிக்கும். பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும்.’ ‘மூக்கின் மேல் வடிகட்டி வைப்பார்கள். மருந்து நாறும்.’ பொய் வரக்கூடாது என்று வலிக்கும், நாறும் என்பதையெல்லாம் தைரியமாகப் போட்டேன்.

ஏழாம் பக்கம், பஞ்சாங்கத்துப் பிறைநிலா. ‘நீ தூங்குவாய்’ என்று கோக்கப் போனேன். அந்தப் பெரிய எழுத்தில் ‘தூ’ இல்லை. எழுத்துப் பெட்டியில் அதன் அறையைத் துழாவினேன். இருந்த ஒன்றும் கால் உடைந்தது. கை நிற்குமா? என் கை நிற்காத கை. யோசனை வருவதற்குள் விரல்கள் வேறு அறைகளுக்குப் போய்ப் பொறுக்கிக் கோத்துவிட்டன. ‘நீ நித்திரை அடைவாய்.’ பார்த்தேன், கம்பீரமாக இருந்தது. பேசுகிற வார்த்தையைவிட அச்சுக்கு இதுதான் லட்சணம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். எட்டாம் பக்கம், பால்மாவு டப்பாவில் சிரிக்கும் அம்மா. ‘கண் விழிக்கும்போது அம்மா அருகில் இருப்பாள்.’ இருக்க விடுவார்களா என்று யாரையும் கேட்கவில்லை.

சாயங்காலம் கொடுத்தேன். தனம் எழுந்து உட்கார்ந்தாள். விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். “இது தையக்காரு ஊசி” என்று என்னைப் பரிகாசம் பண்ணினாள். “டாக்டர் கண்ணாடி விக்கறாரு” என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தேன். வடிகட்டிப் பக்கத்தைத் தடவிப் பார்த்து, “டீ நாத்தமா நாறுமா?” என்றாள். ஏழாம் பக்கத்தைத் திருப்பினாள். எட்டையும் படித்தாள். பிறகு புத்தகத்தை மூடித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். களைப்பு என்று நினைத்தேன். சிஸ்டரிடம், “பார்த்தீங்களா” என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் போனால், சிஸ்டர் முகம் சரியில்லை. தனம் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. இரவெல்லாம் படுக்கவில்லை. கண் சொக்கினால் இமையை விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஊசிக்கு மட்டும் கையை நீட்டிப் பத்து எண்ணுகிறாள். காய்ச்சல் மறுபடி ஏறியிருந்தது.

எங்களைக் கண்டதும் ருக்குவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். “என் செவப்புப் பாவாட கீதுல்ல, அத பக்கத்து வூட்டு மல்லிகாவுக்கு குடுத்துடு.”

“ஏன்டி?”

“குடுத்துடு. நீ மட்டும் நாளைக்கு இங்க வராத. தம்பிய தூக்கிக்கினு வூட்டுலயே இரு. வந்தா நான் கடிப்பேன்.”

ருக்கு என்னைப் பார்த்தாள். நான் கட்டில்மேல் குனிந்தேன். “இன்னாம்மா சொல்றே? அம்மா ஏன் வரக்கூடாது?” என்றேன்.

தனம் தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து ஏழாம் பக்கத்தை விரித்தாள். ‘நித்திரை’யின் மேல் விரலை வைத்தாள்.

“நான் செத்துப்போவேன்னு நீதான அச்சுல போட்டுகீறே நைனா. அப்பால கண்ணு முயிச்சா அம்மா கிட்ட கீறாளாம். அப்ப அம்மாவும் சாவணும்ல? தம்பி இன்னா பண்ணும்?”

எங்கள் அச்சகம் மாதா கோயில் தெருவில் இருக்கிறது. எங்களுக்கு முக்கால்வாசி வேலை வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், வீடுகளின் சாவுச் சீட்டு. கறுப்புக் கட்டம் கட்டி, பெயருக்குக் கீழே ‘நித்திரை அடைந்தார்’ என்று வரும். மை அப்பிக் கெட்டுப்போன அந்தச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் என் மகள் அ, ஆ எழுதினாள். ஒரு நாள், “நித்திரைன்னா இன்னா நைனா?” என்று கேட்டாள். நான் அவசரத்தில், “செத்துப்போறதும்மா” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். வருஷக்கணக்காக என் விரல்கள் அந்த இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சேர்த்துக் கோத்தவை. முந்தின நாள் ‘தூ’ கிடைக்காததும் தாமாகவே பழகின வழியில் போய்விட்டன. என் குழந்தையின் சாவுச் சீட்டை நானே கோத்து, பெரிய எழுத்தில் அடித்து, அவள் கையிலும் கொடுத்துவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

“இல்லம்மா, இல்ல! நித்திரைன்னா தூக்கம். தூங்கறதும்மா! நைனா தப்பா கோத்துட்டேன்.”

“வாயால சொல்றே.”

ருக்குவும் சொன்னாள், சிஸ்டரும் சொன்னார். தனம் எங்களைப் பார்த்து அழவில்லை. ‘பாவம், இவர்களுக்கு எழுத்துத் தெரியாது’ என்பதுபோல் பார்த்தாள். மணி ஐந்தே கால். அச்சகத்தை ஆறுக்குப் பூட்டிவிடுவார்கள். விடிந்தால் ஆபரேஷன். நான் ஓடினேன். ஸ்டேஷன் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி நகர்ந்து முடிவதற்குள் என் உயிர் பாதி போயிற்று. என் வயதுக்குக் கேட்டின் கீழே குனிந்து புகுந்து, கேட்காரனிடம் வசவு வாங்கிக்கொண்டு ஓடினேன்.

முதலாளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “என்னய்யா, பேய் அடிச்சவன் மாதிரி?”

“ஒரு ‘தூ’ வேணும் முதலாளி.”

சின்ன எழுத்தில் ‘தூ’ உண்டு, ஆனால் குழந்தைக்கு அது கண்ணில் படாது. கடைசியில் போஸ்டர் அடிக்கும் மர எழுத்துப் பெட்டியை இழுத்துக் கவிழ்த்தேன். தூத்துக்குடி போகும் கப்பலுக்கு நோட்டீஸ் அடித்த ‘தூ’ ஒன்று கிடைத்தது. என் உள்ளங்கை அகலம். அதைத் தூக்கி வைத்தேன், மீதி எழுத்துகளை இருந்ததில் கோத்தேன். இந்தத் தடவை அச்சுத் தமிழை நம்பவில்லை. அவள் காதில் விழுகிற தமிழையே போட்டேன்.

தூங்குவே. அப்பால எயுந்துப்பே.

முதலாளி எட்டிப் பார்த்தார். “எயுந்துப்பேயா? ஏகாம்பரம், நம்ம அச்சகத்துப் பேரு என்னத்துக்காவறது?”

“பேரப் போட வேணாம் முதலாளி” என்றேன். அவர் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

மை காயாத தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது நேரம் கடந்துவிட்டது. கேட்டில் விடவில்லை. கெஞ்சியும் கத்தியும் பார்த்த பிறகு சிஸ்டரே வந்தார். தாளைப் பார்த்தவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா, வேறென்னவா, தெரியவில்லை.

“அவ என்ன சொன்னான்னு மட்டும் வந்து சொல்லுங்க. நான் இங்கயே நிக்கறேன்” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வந்தார். “முதல்ல அந்தப் பெரிய எழுத்தைப் படிச்சு, ‘தூ’ன்னு துப்பினா. என் மேலேயே பட்டுது. மறுபடி படிச்சு மறுபடி துப்பினா. மூணாவது தரம் சிரிச்சுட்டா. ‘நைனா எயுதினதுதான், வேற யாருக்கும் இப்டி எயுத வராது’ன்னு சொன்னா. பால் குடிச்சா. படுத்துட்டா” என்றார். பிறகு கசக்கின தாள் ஒன்றை நீட்டினார். பழைய ஏழாம் பக்கம். “இதை உங்ககிட்டயே கொடுத்துடச் சொன்னா. எட்டாம் பக்கம் நிஜமான்னு கேட்டா. அதுக்கு டாக்டரைக் கேக்கணும்னு சொல்லியிருக்கேன்.”

வெள்ளிக்கிழமை காலை டாக்டரை நான் கேட்பதற்கு முன்பே தனம் கேட்டுவிட்டாள். தள்ளுவண்டியில் படுத்தபடி எட்டாம் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். “அச்சுல போட்டுகீது.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “காலையில அனுமதியில்லைன்னு தெரியாதா? தெரியாததை அச்சடிக்கலாமா?”

“ஏற்கெனவே ஒரு தப்பு அடிச்சுட்டேன் டாக்டர். இது ரெண்டாவது” என்றேன்.

அவர் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். “அம்மா வார்டில் கட்டில்கிட்ட வந்து இருக்கட்டும். நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதவு மூடிற்று. நான் அந்த வராந்தாவில் நடந்த நடைக்கு எண்ணூர் போய் வந்திருக்கலாம். ‘எச்சில் துப்பாதீர்கள்’ என்ற போர்டை எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது. எங்கேயோ தச்சன் உளியால் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். அவனைத் தேடிப்போய், “கொஞ்ச நேரம் நிறுத்துய்யா” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். ஆனால் நிறுத்தினான். பயந்தேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. ‘எயுந்துப்பே’ என்று அச்சில் போட்டுவிட்டேனே, எந்தத் தைரியத்தில் போட்டேன் என்று அது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வெளியே வந்தபோது என்னால் அருகே போக முடியவில்லை. அவரே வந்தார். “சீழ் மூளைப் பக்கம் இறங்கலை. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சொல்ல முடியாது” என்றார். “மூக்கில வைக்கும்போது ‘வடிகட்டி’ன்னு சொன்னா. திமிறவே இல்லை.”

தலையைச் சுற்றிக் கட்டோடு அவளைக் கட்டிலில் கிடத்தினார்கள். ருக்கு பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. அச்சில் அம்மா என்றுதானே போட்டிருந்தேன்.

மத்தியானம் தனம் கண்ணை விழித்தாள். வாயெல்லாம் மருந்துக் கசப்பு போலிருக்கிறது. ருக்குவைப் பார்த்தாள், “தூ” என்று துப்பினாள், வாந்தியும் எடுத்தாள். ருக்கு முந்தானையால் துடைத்தாள். தனம் மெல்லத் தலையைத் திருப்பி ஜன்னலில் என் முகத்தைக் கண்டுபிடித்தாள். உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. ருக்குதான் குனிந்து கேட்டு, அழுகையும் சிரிப்புமாக எனக்குக் கத்திச் சொன்னாள்.

“எயுந்துட்டேன்னு அச்சுல போடுவியாம்!”

போட்டேன். அதுதான் ஒன்பதாம் பக்கம். படம் கிடையாது, ‘எயுந்துட்டேன்’ என்று ஒரே வார்த்தை.

தழும்பு இப்போது முடிக்குள் மறைந்துவிட்டது. அந்தக் காது கொஞ்சம் மந்தம். நான் திட்டும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்வாள். காசிமேட்டிலிருந்தும் தண்டையார்ப்பேட்டையிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். எந்த ஆஸ்பத்திரி, என்ன வைத்தியம் என்று விசாரித்துக்கொண்டு அதற்குத் தக்கபடி பக்கங்களை மாற்றி அடித்துக் கொடுக்கிறேன். அம்மா பக்கத்தில் இருப்பாள் என்று போடுவதற்கு முன் நானே நேரில் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். ஒன்பதாம் பக்கத்தை மட்டும் வெறும் தாளாகவே தைத்துக் கொடுக்கிறேன். குழந்தை திரும்பி வந்து சொன்ன பிறகுதான் அதில் அச்சு ஏறும். இதுவரை போன எல்லாப் புத்தகமும் திரும்பி வந்து, அதில் அச்சு ஏறிவிட்டது.

முனியன் குழந்தைக்கு அந்த வார்த்தையைக் கோத்து, முதலாளிக்குத் தெரியாமல் வீட்டுக்கே கொண்டுவந்து இந்த அலமாரி மேல் வைத்திருக்கிறேன். மை தடவவில்லை. சேதி வருமுன் தடவ எனக்குக் கை வராது. மணி இரண்டு ஆகிறது. தனம் காலையிலிருந்து தெருமுனையில் நிற்கிறாள், சோற்றுக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை.

இதோ ஓடி வருகிறாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கக் கத்திக்கொண்டு வருகிறாள்.

“மை எடு நைனா! மை எடு!”